கல் கனக்கும்வரை காத்திருங்கள்

அன்புள்ள திரையிடல் நண்பர்களே,

வாடகை ஹாலிலும், விடுமுறை நாளில் கேட்டு வாங்கிய வகுப்பறையிலும், மொட்டை மாடியில் கட்டிய வெள்ளை வேட்டியிலும் உலகப் படங்களைக் காட்டிவருகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் யாரும் இதில் சம்பாதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். புரொஜக்டர் வாடகையைக் கைக்காசிலிருந்து கொடுக்கிறீர்கள். மழை வந்தால் நாற்காலிகளை நீங்களே தூக்கி உள்ளே வைக்கிறீர்கள். கொரியாவையும் ஜப்பானையும் தாய்லாந்தையும் நான் பார்த்தது உங்கள் திரையில்தான். அந்தக் கடன் என்மேல் இருப்பதால்தான், மனத்தில் உள்ள குறையை முதுகுக்குப் பின்னால் பேசாமல் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்த பூர்ணிமை நாள். ஒரு சிறு நகரத்தில், கிம் கி-டுக் 2003-இல் எடுத்த ‘வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்... மீண்டும் வசந்தம்’ படத்தைத் திரையிட்டார்கள். ஐம்பது பேர் இருந்திருப்போம். வரவேற்புரை, அறிமுகவுரை, பொன்னாடை என்று படம் தொடங்கவே அரை மணி நேரம் தாமதம். குளிர்காலப் பகுதி வந்தபோது நேரம் போதாது என்று யாரோ படத்தை வேகமாக ஓட்டிவிட்டார்கள். உடம்பில் கட்டிய கயிற்றில் ஒரு திரிகைக் கல்லை இழுத்துக்கொண்டு ஒரு மனிதன் மலையேறத் தொடங்குகிறான். மறுகணம் பனி உருகிக் குளத்தில் வசந்தம் வந்துவிட்டது. படம் முடிந்தவுடன் விளக்கைப் போட்டார்கள். படத்திலிருந்து மிச்சம் பிடித்த நேரம், கர்மவினைக் கோட்பாடு பற்றிய சிறப்புரைக்குப் போனது.

ஹாலைப் பெருக்கிப் பூட்டுவதற்காகக் காத்திருந்த அக்கா ஒருவர் கதவோரம் நின்றபடியே முழுப் படத்தையும் பார்த்திருந்தார். நான் வெளியே வரும்போது நிறுத்திக் கேட்டார்: “தம்பி, அந்தாளு கல்லை மேல கொண்டுபோய்ச் சேத்தாரா, இல்லையா?”

“சேத்துட்டாருக்கா” என்றேன்.

“எப்படிச் சேத்தாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அன்று பேசிய எவரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் சில நிமிடங்களைத்தான் நாம் ஓட்டிவிட்டிருந்தோம்.

அந்தப் படத்தின் முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள். தென்கொரியாவின் சொங்சொங் பகுதியில், சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் பாசனத்துக்காக வெட்டிய சுசான்சி நீர்த்தேக்கம். அதன்மேல் படத்துக்காகவே கட்டிய மிதக்கும் கோயில். அங்கே குருவுடன் வளரும் சிறுவன், ஒரு மீனுக்கும் தவளைக்கும் பாம்புக்கும் நூலில் கல்லைக் கட்டிவிட்டு, அவை தவிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறான். குரு தொலைவில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறார். ஓடிவந்து தடுக்கவில்லை. உட்கார வைத்து உயிர்க்கொலையின் பாவத்தைப் போதிக்கவில்லை. இரவில் தூங்கும் சிறுவனின் முதுகில் ஒரு கல்லைக் கட்டிவிடுகிறார். காலையில் கனக்கிறது என்று அழுகிறவனை, அந்த மூன்று உயிர்களையும் தேடிப்போய் அவிழ்த்துவிட்டு வா என்று அனுப்புகிறார். தவளை மட்டும் உயிரோடு இருக்கிறது. மீனும் பாம்பும் செத்துக் கிடக்கின்றன. சிறுவன் வாய்விட்டு அழுகிறான். நாம் அழுவதற்கு முன்பே அந்தக் கல் நம் முதுகுக்கு வந்துவிடுகிறது.

நண்பர்களே, அந்தக் குரு செய்த வேலையைத்தான் இப்படிப்பட்ட படங்கள் பார்வையாளருக்குச் செய்கின்றன. துக்கம் என்றால் என்ன, பற்று என்றால் என்ன, நிலையாமை என்றால் என்ன என்று அவை வரையறை சொல்வதில்லை. கல்லைக் கட்டிவிட்டுக் காத்திருக்கின்றன. சிறுவன் வளர்ந்து, காமத்தில் விழுந்து, மனைவியைக் கொன்று, தண்டனை அனுபவித்து, நடுவயதில் அந்தக் குளத்துக்கே திரும்புகிறான். குளிர்காலத்தில் திரிகைக் கல்லை இழுத்தபடி, கையில் போதிசத்துவர் சிலையோடு, உறைந்த பாறைகளில் வழுக்கி விழுந்து, மறுபடி எழுந்து மலை உச்சிக்கு ஏறுகிறான். பின்னணியில் ஒரு பெண் குரல் அரிராங் நாட்டுப்பாடலைப் பாடுகிறது. அந்த ஏற்றத்தின் நடுவே மீனும் தவளையும் பாம்பும் திரும்ப வருகின்றன. குழந்தையாகத் தான் கட்டிய கல்லை வளர்ந்த மனிதன் தானே கட்டிக்கொண்டு சுமக்கிறான். படத்தின் மற்ற எல்லாப் பகுதிகளும் இந்த ஏற்றத்தை நோக்கித்தான் வருகின்றன. மொத்தப் படமே 103 நிமிடம்தான். அதில் இந்தச் சில நிமிடங்களை நீங்கள் ஓட்டிவிட்டால் மிஞ்சுவது அழகான குளத்தின் படம் மட்டுமே.

இது ஒரு படத்துக்கு மட்டும் நேர்ந்த கதி என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். பே யோங்-க்யூனின் ‘போதிதர்மர் ஏன் கிழக்கே சென்றார்?’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியம் கற்பித்த ஆசிரியர் அவர். பல ஆண்டு உழைத்து, எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றையும் தானே செய்து முடித்த படம் 1989-இல் லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை விருது பெற்றது. மலைமேல் ஒரு துறவுமடம். வயதான குரு, பார்வையற்ற தாயைப் பிரிந்து வந்த இளம் துறவி, ஓர் அநாதைச் சிறுவன். இங்கேயும் சிறுவன் எறிந்த கல்லில் ஒரு பறவை அடிபடுகிறது. காப்பாற்றப் பார்க்கிறான், முடியவில்லை. துணையை இழந்த பறவை அவனை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் குரு இறக்கிறார். இளம் துறவி ஒற்றை ஆளாக அந்த உடலைச் சுமந்துபோய் மலையில் எரிக்கிறான். ஓர் இரவு முழுவதும் நெருப்பு எரிகிறது. சுடுகாட்டில் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் அந்த நெருப்பின் நேரம் தெரியும். அதைச் சுருக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் இந்தப் படத்துக்குப் பிறகு நம் கலந்துரையாடல்களில் நடப்பது என்ன? பெயரைக் கேட்டவுடன் யாராவது எழுந்து, போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், நம் ஆள் என்று தொடங்குகிறார். அடுத்தவர் தற்காப்புக் கலைக்குப் போகிறார். அரை மணி நேரம் பெருமையில் கழிகிறது. பழைய சீனக் குறிப்புகள் அவருடைய பிறப்பிடத்தில் ஒத்துப்போவதில்லை. ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசரின் மகன் என்கிறது. அது வரலாற்று ஆய்வாளர்கள் பேச வேண்டிய விஷயம், பேசட்டும். இந்தப் படத்தில் போதிதர்மர் ஒரு காட்சியில்கூட வருவதில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா? தலைப்பு ஒரு கேள்வி. ஜென் மரபில் குரு சீடனிடம் போடும் விடைகாண முடியாத கேள்விகளின் வகையைச் சேர்ந்தது. விடையைத் தேடி மனம் களைத்துப்போய் நிற்கும் இடத்துக்கு நம்மைக் கொண்டுபோக அது கேட்கப்படுகிறது. நாம் அதற்கு ஊர்ப்பெயரைப் பதிலாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தச் சிறுவனும் பறவையும் ஹாலிலேயே விடப்படுகிறார்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. இந்தப் படங்களுக்கு நீங்கள் ஒட்டும் போஸ்டர்களில் ‘மன அமைதி தரும் ஆன்மிகப் படம்’ என்று எழுதுகிறீர்கள். தாமரை, மூடிய கண்கள், புன்னகை. அமைதி தேடி வருகிறவர்களை நம்பவைத்து அழைக்கிறோம். இந்தப் படங்கள் தொடங்கும் இடம் அமைதி இல்லை. கொலையில், குற்றவுணர்வில், புதைக்கப்படாத பிணங்களில் அவை தொடங்குகின்றன.

கொன் இச்சிக்காவா 1956-இல் எடுத்த ‘பர்மிய யாழ்’ அப்படித்தான். மிச்சியோ தக்கேயாமாவின் நாவலிலிருந்து எடுத்த படம். போர் முடிந்துவிட்டது. யாழ் வாசிக்கும் படைவீரன் மிசுஷிமா, சரணடைய மறுக்கும் இன்னொரு ஜப்பானியப் படையைப் பேசி இறக்கப் போகிறான். முடியாமல் அவர்கள் எல்லோரும் சாகிறார்கள். தப்பிப் பிழைத்தவன், தன்னைக் காப்பாற்றிய பிக்குவின் உடையைத் திருடி அணிந்துகொண்டு தன் படையைத் தேடி நடக்கிறான். அது வெறும் வேஷம். ஆனால் வழியில் ஏழை மக்கள் அவனைத் துறவி என்று நம்பி வணங்கிச் சோறிடுகிறார்கள். ஆற்றங்கரைகளில் கழுகு கொத்தும் பிணங்கள் கிடக்கின்றன. திருடிய உடை கொஞ்சம் கொஞ்சமாக அவனை உடுத்திக்கொள்கிறது. தோழர்கள் கப்பலேறும்போது அவன் மட்டும் எலும்புகளைப் புதைக்கப் பின்தங்குகிறான்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சயாம்–பர்மா ரயில் பாதை நினைவுக்கு வரும். 1942-லும் 1943-லும் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். போர்க்கைதிகளாக இறந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. அந்தப் படம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. பர்மிய மக்கள் பட்ட துன்பத்தையும் அது போதிய அளவு பார்க்கவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத பிணத்தை மண்ணில் இடுவது ஒரு கடமை என்று அது சொல்லும்போது, என் முதுகில் என் ஊரின் கல் வந்து அமர்கிறது. ‘மன அமைதி’ என்ற இரண்டு சொல்லுக்குள் இதை எப்படி அடக்குவீர்கள்?

அப்பிச்சாட்போங் வீரசேதகுல் 2010-இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற படத்தில், சாகக் கிடக்கும் பூன்மீ மாமா தன் சிறுநீரக நோய்க்கு ஒரு காரணம் சொல்கிறார்: கம்யூனிஸ்டுகளைக் கொன்றிருக்கிறேன், தோட்டத்தில் பூச்சிகளைக் கொன்றிருக்கிறேன். வினைப்பயன் என்ற சொல் அங்கே தாய்லாந்தின் அரசியல் வரலாறாக மாறி நிற்கிறது. அதே இயக்குநரின் ‘ஒரு நூற்றாண்டும் அறிகுறிகளும்’ படத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் அவசியம் நினைத்துப்பார்க்க வேண்டும். 2007-இல் தாய்லாந்துத் தணிக்கைக் குழு சில காட்சிகளை வெட்டச் சொன்னது. ஒரு பிக்கு கிதார் வாசிப்பது, பிக்குகள் பறக்கும் பொம்மையை வைத்து விளையாடுவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர் படத்தைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டு பாங்காக்கில் காட்டியபோது, வெட்டுப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒலியில்லாத கறுப்புச் சுருளை ஓடவிட்டார். எதை எடுத்தார்கள் என்பது தெரியாவிட்டாலும், எடுத்தார்கள் என்பதாவது பார்வையாளருக்குத் தெரிந்தது. நாம் படத்தை ஓட்டிவிடும்போது அந்தக் கறுப்புகூட மிஞ்சுவதில்லை. தணிக்கையை எதிர்த்துக் கூட்டம் போடும் நாமே நேரமின்மையைச் சொல்லித் தணிக்கை செய்துகொண்டிருக்கிறோம்.

உங்களில் சிலர் என்னிடம் வேறொரு தயக்கத்தைச் சொன்னீர்கள். இலங்கையில் பௌத்தத்தின் பெயரால் அரசியல் செய்தவர்களிடம் நம் மக்கள் பட்ட பாடு தெரிந்தும், காவியுடை தெரியும் படத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டீர்கள். தங்கள் நிலத்தில் எழும்பும் புத்தர் சிலையைப் பார்த்து அஞ்சும் ஒரு தாய்க்கு, புத்தரின் கருணை பற்றிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதனாலேயே இந்தப் படங்களைக் காட்டுங்கள் என்கிறேன். உடைக்கும் அறத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் இவை அளக்கின்றன. திருடிய உடை, பூன்மீ மாமா படத்தில் குளித்துவிட்டு ஜீன்ஸ் மாட்டும் பிக்கு, கொலைக்குப் பின் மடத்துக்கு வரும் மனிதன் எல்லாம் அந்தக் கேள்விதானே? பௌத்தம் நமக்கு அயல்வீட்டுச் சமாச்சாரமும் இல்லை. பசியைப் பிணி என்று சொன்ன மணிமேகலை நம் மொழியில் இருக்கிறது. அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியது சாதியை மறுப்பதற்காக. அதிகாரத்தின் பௌத்தத்தைக் கேள்வி கேட்கும் உரிமை இந்த மரபு வழியாகவும் நமக்கு வருகிறது.

அதே நேர்மையை இயக்குநர்கள் விஷயத்திலும் காட்டுங்கள். கிம் கி-டுக்கை நம் கூட்டங்களில் ஞானி என்று அறிமுகப்படுத்துவதைக் கேட்டிருக்கிறேன். 2018-இல் அவருடன் பணியாற்றிய பெண் கலைஞர்கள் அவர்மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2020 டிசம்பரில் லாட்வியாவில் கொரோனாவில் இறந்தார். செய்த வினை கல்லாகத் தொடரும் என்று படமெடுத்தவர், குளிர்காலப் பகுதியில் அந்தக் கல்லை இழுக்கும் மனிதராகத் தானே நடித்தவர் அவர். அந்தப் பெண்கள் சொன்னதை மறைத்துவிட்டு இந்தப் படத்தைக் காட்டினால், படம் சொல்வதையே நாம் மறுத்தவர்கள் ஆவோம். திரையிடலுக்கு முன் இரண்டு வாக்கியத்தில் அதைச் சொல்லுங்கள். படத்தைத் தாங்கும் வலிமை பார்வையாளர்களுக்கு உண்டென்றால், உண்மையைத் தாங்கும் வலிமையும் உண்டு.

குழந்தைகளை மறந்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கியென்ட்சே நோர்பு தானே ஒரு திபெத்தியப் பௌத்த ஆசான். 1999-இல் இமாசலப் பிரதேசத்தின் பீர் ஊரில் உள்ள மடத்தில், அங்கிருந்த பிக்குகளையே நடிக்கவைத்து ‘கோப்பை’ என்ற படத்தை எடுத்தார். 1998 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தைப் பார்க்க, இளம் பிக்குகள் டிவியும் டிஷ்ஷும் வாடகைக்கு எடுக்கிறார்கள். பணம் போதாமல், புதிதாக வந்த ஒரு சின்னப் பையனின் கைக்கடிகாரத்தை அடகு வைக்கிறார்கள். மாதக்கணக்கில் கனவு கண்ட ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இதற்கெல்லாம் தலைமை தாங்கிய ஒர்கியென் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கிறான். ஆட்டத்தை விட்டு எழுந்துபோய், கடிகாரத்தை மீட்கத் தன்னிடம் விற்க என்ன இருக்கிறது என்று தேடுகிறான். கருணை என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அரசுப் பள்ளிகளில் இதைக் காட்டுங்கள்.

இப்போது என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். நான்கே நான்கு.

முதலாவது, முழுப் படத்தையும் காட்டுங்கள். ஹால் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். பொன்னாடையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெயர் திரையிலிருந்து மறையும்வரை விளக்கைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, தமிழில் சப்டைட்டில் போடுங்கள். ஆங்கில எழுத்து ஓடுவதால் நம் திரையிடல்களுக்கு வர முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள். கிம் கி-டுக்கின் இந்தப் படத்தில் பேச்சு மிகக் குறைவு. மொழிபெயர்க்கத் தெரிந்த இரண்டு பேர் சில மாலைகள் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். நான் முதல் ஆளாக வருகிறேன்.

மூன்றாவது, படம் முடிந்தவுடன் சிறப்புரை வேண்டாம். ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருக்கட்டும். பிறகு மைக்கை மேடைக்குக் கொண்டுபோகாமல் பார்வையாளர் வரிசைக்கு அனுப்புங்கள். முதலில் பேசுகிறவர், இதுவரை நம் கூட்டத்தில் பேசாத ஒருவராக இருக்கட்டும். கோட்பாடு தெரிந்தவர்கள் கடைசியில் பேசட்டும். கேட்டுவிட்டுப் பேசும்போது அவர்களுக்கும் புதிதாக ஏதாவது தோன்றும்.

நான்காவது, புத்த பூர்ணிமை அன்று மட்டும் இந்தப் படங்களை எடுத்துத் தூசி தட்டாதீர்கள். சாவு விழுந்த வீட்டிலும், கடனில் மூழ்கிய தெருவிலும், பிள்ளை சொல் கேட்காத குடும்பத்திலும் எல்லா மாதமும் துக்கம் இருக்கிறது. அவர்களுடைய படங்கள் இவை. ஏதாவது ஒரு சாதாரண சனிக்கிழமையில் காட்டுங்கள்.

இவற்றைச் செய்தால் கூட்டம் குறையும் என்று நீங்கள் அஞ்சலாம். குறையட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் உழைப்புக்கு நிறைந்த நாற்காலிகள் கிடைக்க வேண்டும். ஆனால் கதவோரம் கால்கடுக்க நின்று படம் பார்த்த ஒருவர் நமக்கு இருந்தார். நாம் வெட்டிய இடம் எதுவென்று சரியாகக் கண்டுபிடித்துக் கேட்டவர் அவர்தான். பொறுமை இல்லாதவர்கள் என்று நாம் யாரை நினைத்துப் படத்தைச் சுருக்குகிறோமோ, அவர்கள் நம்மைவிடப் பொறுமையானவர்கள். வாழ்நாள் முழுக்கக் கல் இழுத்தவர்களுக்கு, இன்னொருவர் கல் இழுப்பதைப் பார்க்கத் தனியாகப் பயிற்சி தேவையில்லை.

அதனால் அந்தப் படத்தை இன்னொரு முறை திரையிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹால் வாடகையில் பாதி என்னுடையது. அந்த அக்காவை நான் போய் அழைத்து வருகிறேன். அன்று துடைப்பத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள். குளிர்காலம் வரும்போது யாரும் ரிமோட்டைத் தொட வேண்டாம். எப்படிச் சேர்த்தார் என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களில் எப்போதும் பின்வரிசையில் அமரும் ஒருவன்